டிசம்பர் ஒன்றாம் தேதி

ஒரு கால்பந்துக் கிளப்பின் நிர்வாகி வேலையிழக்கப் போகிறார் என்ற பேச்சு, அவர் கைக்குக் கடிதம் போவதற்குப் பல வாரங்கள் முன்பே ரசிகர்களிடம் வந்து சேர்ந்துவிடும். அவரைப் பற்றிய தீர்ப்பு எழுதப்படுவதும் அந்த இடைவெளியில்தான். யாரைக் கொண்டுவந்தார், எத்தனை கோடிக்குக் கொண்டுவந்தார், வந்த வெளிநாட்டு ஸ்ட்ரைக்கர் எத்தனை வாய்ப்பைக் கோட்டைவிட்டார் என்பவையே அதன் வாசகங்கள். அம்பத்தூர் ஓ.டி. டீக்கடையிலும், பூந்தமல்லி கரையான்சாவடியின் டர்ஃப் வாசலிலும், ஆட்டம் முடிந்து மூர் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் ஆவடி லோக்கலிலும் இதே கணக்குதான் ஓடுகிறது. கணக்கு தப்பு. பாய்ந்து பிடித்த பந்துகளை மட்டும் எண்ணி கோல்கீப்பருக்கு மதிப்பெண் போடுவதைப் போன்றது இது. பாயவே தேவைப்படாத இடத்தில் முன்கூட்டியே போய் நின்ற கீப்பருக்கு இந்தக் கணக்கில் பூஜ்ஜியம்தான் விழும்.

விளையாட்டு இயக்குநர், தலைமைச் செயல் அதிகாரி என்று பதவிக்கு எந்தப் பெயர் வைத்தாலும், அந்த நாற்காலி எடுக்கவேண்டிய பெரிய முடிவு ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தில் ஒரு வருடம் மட்டுமே மிச்சமிருக்கும் ஆட்டக்காரரை என்ன செய்வது? நீட்டிக்கலாம். விற்கலாம். எதுவும் செய்யாமல் ஓடவிட்டுக் கடைசி நாளில் கைகுலுக்கி அனுப்பலாம். மூன்றாவது, முடிவு மாதிரியே தெரியாது. அதற்குப் பத்திரிகையாளர் சந்திப்பு இல்லை, சட்டையைத் தூக்கிப் பிடித்து எடுக்கும் படம் இல்லை. ஒன்றுமே நடக்காத நாளில் யார் கத்துவார்கள்? ஆனால் கிளப்கள் சரிவது பெரும்பாலும் அந்த நாளில்தான்.

இதற்கு ஃபிஃபா ஒரு கடிகாரமும் வைத்திருக்கிறது. ஆட்டக்காரர்களின் நிலை, மாற்றம் பற்றிய விதிகளில் 18ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஒருவர் வேறு கிளப்புடன் கையெழுத்திடலாம். இருக்கும் கிளப்புக்கு அதில் ஒரு பைசா வராது. இந்திய கிளப்களின் ஒப்பந்தங்கள் வழக்கமாக மே 31இல் முடிகின்றன. ஆகவே மணி அடிக்கும் நாள் டிசம்பர் 1. அன்றைக்கு ரசிகர்கள் அடுத்த ஆட்டத்தின் முதல் பதினொருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஏஜென்ட்கள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எல்லா அணியிலும் அந்த நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. வயது 28, 29. இரண்டு சென்டர் பேக்குகளுக்கு முன்னால் நிற்பவர். பந்து தன்னிடம் வருவதற்குள் வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை, இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை. வந்ததும் ஒரே தொடுதலில் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு நான்கு அடி நகர்ந்து நிற்பார். அவ்வளவுதான். கேலரியில் பாட்டு விங்கருக்கு. சட்டையின் முதுகில் அச்சாகும் பெயர் ஸ்ட்ரைக்கருக்கு. இவர் பெயரைக் கூட்டம் சொல்வது மஞ்சள் அட்டை வாங்கும்போது மட்டும். எதிரணியின் கவுன்டர் அட்டாக் பாதியிலேயே செத்துப்போவதற்கு இவர் முன்கூட்டியே நகர்ந்த அந்த நான்கு அடிதான் காரணம் என்பது, டிவியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால், வீட்டில் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஸ்டேடியத்துக்கு வருபவர்களில் பாதிப் பேரும் பந்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டில் இவர் ஆட்டம் மாறும். எல்லோரும் தப்பாகப் படிக்கும் ஆட்டம் இதுதான். இருவருக்கும் சமதூரத்தில் கிடக்கும் பந்துக்குக் காலை நீட்டமாட்டார். அரை நொடி பின்வாங்கி, எதிராளி அதை எடுத்தபின் குறுக்கே போய் நிற்பார். கேலரி உடனே தீர்ப்புச் சொல்லும்: “மனசு இங்க இல்லடா இவனுக்கு.” மனசெல்லாம் இங்கேதான் இருக்கிறது. முழங்கால்தான் பயப்படுகிறது. பிப்ரவரியில் தசைநார் கிழிந்தால் மே 31க்குப் பிறகு அவருக்குச் சம்பளமும் இல்லை, ஸ்கேனுக்குக் காசு கொடுக்க ஆளும் இல்லை. மூன்று வருடம் கையில் இருந்தபோது அதே பந்துக்கு முழு உடம்பையும் கொடுத்தவர் இவர். மாறியது அவர் குணமல்ல, தாளில் இருக்கும் தேதி.

அடுத்து நடப்பதும் எல்லா இடத்திலும் ஒரே வரிசையில் நடக்கும். வேறு கிளப்புடன் அவர் கையெழுத்திட்ட செய்தி கசியும். பயிற்சியாளர், போகிற ஆளை வைத்து ஆடுவதா என்று அவரை பெஞ்சில் உட்காரவைத்து, 20 வயதுப் பையனை அந்த இடத்தில் நிறுத்துவார். பையனுக்குத் தோளுக்கு மேல் பார்க்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. பின்னாலிருந்து பந்து முன்னே போக இரண்டு நொடி தாமதமாகும். அந்த இரண்டு நொடியில் எதிரணி டிஃபென்ஸ் ஒழுங்காகி நின்றுவிடும். ஸ்ட்ரைக்கருக்கு வரும் பந்தெல்லாம் இரண்டு பேர் நடுவில் வரும். மார்ச் மாதத்தில் ரசிகர்கள் கையிலெடுக்கும் குற்றப்பத்திரிகையில் ஸ்ட்ரைக்கர் முதல் குற்றவாளி, அவரைக் கொண்டுவந்த நிர்வாகி இரண்டாம் குற்றவாளி. போன ஜூனில் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்த ஒரு தாளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஒரு ஆட்டக்காரரை 6 கோடி கொடுத்து மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்ததாக வைத்துக்கொண்டால், கிளப்பின் ஏட்டில் வருடத்துக்கு 2 கோடி செலவு எழுதப்படும். ஒப்பந்தத்தை நீட்டினால் மீதித் தொகை கூடுதல் வருடங்களில் பரவி, வருடச் செலவு இளைக்கும். அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலையே இல்லை என்பதால், அவனை விற்றால் வரும் முழுத் தொகையும் லாபமாக ஏறும். உள்ளூர்ப் பையனை ஏன் விற்றார்கள் என்று ஐரோப்பாவில் கேட்கப்படும் கேள்விக்குப் பாதி விடை இந்த ஏட்டில் இருக்கிறது. ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போய் ஏட்டை அழகாக்கும் வித்தை பெருகியதால், 2023இல் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தப் பரவலை ஐந்து வருடத்தோடு நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கும் அதே வரம்பை ஏற்றது. ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிந்ததும் விலையில்லாமல் போகலாம் என்பதே அங்கு 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகுதான். அதற்கு முன் ஒப்பந்தம் முடிந்தவருக்கும் பழைய கிளப் விலை கேட்க முடிந்தது.

இந்தியாவில் நிலைமை இன்னும் கறார். இங்கே விலை கொடுத்து ஆள் எடுப்பது குறைவு. பெரும்பாலானோர் ஒப்பந்தம் முடிந்தபின் விலையில்லாமல் கிளப் மாறுகிறார்கள். அப்படியென்றால் இந்திய நிர்வாகியின் திறமை வாங்குவதில் இல்லை, காலாவதியாக விடாமல் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் ஆலை வந்தது. பெரம்பூரில் 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை, ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை, பிறகு அம்பத்தூர் எஸ்டேட். சென்னை லீக்கில் வெகுகாலம் கோலோச்சியவை ரயில்வே, வங்கி, வரித்துறை போன்ற அலுவலக அணிகள். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நன்றாக ஆடிய பையனின் கனவு கிளப் அல்ல, ஸ்போர்ட்ஸ் கோட்டா. வேலை கிடைத்துவிட்டால் 60 வயதுவரை ஒப்பந்தம். முழங்கால் போனாலும் சம்பளம் போகாது. ஆட்டம் ஓய்ந்தால் மேசையும் நாற்காலியும் காத்திருக்கும். அந்த அணியின் நிர்வாகி செய்யவேண்டியது லீவு வாங்கித் தருவது, பூட்ஸுக்குப் பில் போடுவது, வெளியூர்ப் போட்டிக்குப் படி வாங்குவது. கடைசி ஆண்டு என்ற சொல்லுக்கே அங்கே இடம் கிடையாது. அப்பாவின் அணியை அப்படிப் பார்த்து வளர்ந்தவர்கள், ஆட்டக்காரரின் தாளில் தேதி இருக்கும் என்று யோசிக்காமல் போவதில் வியப்பில்லை.

கோபத்தின் வடிவமும் ஆலையிலிருந்துதான் வந்திருக்கிறது. கேலரியில் விரியும் பேனர், வரிசையாக எழும் கோஷம், “மேனேஜ்மென்ட்” என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாரையும் அடக்கிவிடுவது எல்லாமே ஷிஃப்ட் மாறும் நேரத்து கேட் மீட்டிங்கின் வாரிசுகள். ஆலையில் அந்த முறை வேலை செய்தது. மேனேஜரை மாற்றினால் மறுநாளே கேன்டீன் சாப்பாடு மாறும். கால்பந்தில் ஆளை மாற்றினாலும், பழையவர் விட்டுப்போன தேதிகள் இரண்டு பருவத்துக்குக் கூடவே வரும்.

இத்தனைக்கும் இந்த ஊர்க்காரர்களுக்குக் கடைசி ஆண்டின் விதி தெரியாது என்று சொல்லிவிட முடியாது. எஸ்டேட்டில் செகண்ட் ஷிஃப்ட் முடித்தவர்கள் இரவு 11 மணிக்கு வலைகட்டிய டர்ஃபில் ஐந்துக்கு ஐந்து ஆடுகிறார்கள். வாடகையைப் பத்துப் பேரும் ஜிபேயில் பிரித்துக்கொள்கிறார்கள். வாரம் தவறாமல் வரும் ஒருவர் பிப்பைக் கழற்றிக்கொண்டே “அடுத்த வாரம் டவுட்டு மச்சி” என்று சொன்னால், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பைக்கை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இன்னொருவருக்கு மெசேஜ் போட்டுவிடுகிறார். வெள்ளிக்கிழமை இரவுவரை காத்திருந்தால் ஒன்பது பேரோடுதான் ஆடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் செய்வதுதான் விளையாட்டு இயக்குநரின் வேலை. சம்பளம் மட்டும் இல்லை.

ரசிகரின் குரலுக்கு எவ்வளவு எடை என்பது ஊருக்கு ஊர் வேறு. ஜெர்மனியில் 1998 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்கவேண்டும். நிர்வாகியை நீக்கும் பேச்சு அங்கே கூட்டத்தில், கணக்கு வழக்கை மேசையில் வைத்துக்கொண்டு நடக்கிறது. இந்தியாவின் லீக் கிளப்கள் தனியார் நிறுவனங்கள். ரசிகரிடம் இருப்பது டிக்கெட் மட்டும். 2024-25 பருவத்தில் கொச்சியில் நிர்வாகத்துக்கு எதிராகப் போராடிய ரசிகர்கள் கடைசியில் டிக்கெட்டைத்தான் ஆயுதமாக எடுத்தார்கள். சத்தத்தில் கொச்சியை மிஞ்ச சென்னையால் முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் அங்கேயும் பேனர்களின் பேச்சு வாங்குவது, விற்பது பற்றியதுதான், காலாவதி பற்றியதல்ல.

ரசிகர்கள் வென்றதாகக் கொண்டாடப்படும் பெரிய நாள் 2021 ஏப்ரல் 20. ஏப்ரல் 18இல் பன்னிரண்டு கிளப்கள் சேர்ந்து அறிவித்த ஐரோப்பிய சூப்பர் லீக்கிலிருந்து ஆறு இங்கிலாந்து கிளப்களும் அன்றைக்கு விலகின. அவற்றில் ஒன்றின் தலைமை நிர்வாகி பதவி விலகப் போகிறார் என்பதும் அன்றைக்கே அறிவிக்கப்பட்டது. திருமுல்லைவாயல்வரை அதைக் கொண்டாடினார்கள். அவர் நாற்காலியைக் காலி செய்தது 2022 பிப்ரவரி 1. ஒன்பது மாதத்துக்கு மேல். நடுவில் ஒரு முழுக் கோடைகால டிரான்ஸ்ஃபர் விண்டோ வந்து போனது. போவது உறுதியான ஒருவரின் காலத்தில் அடுத்த நான்கு வருடங்களுக்கான தாள்களில் மை காய்ந்தது. கொண்டாடியவர்கள் யாரும் இந்த ஒன்பது மாதத்தை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் ‘எதிர்பார்க்கப்படும்’ பதவி நீக்கத்தின் உண்மையான கேடு இருக்கிறது. நீக்கப்பட்ட நிர்வாகியால் தீங்கில்லை. நீக்கப்படாத நிர்வாகி நல்லதோ கெட்டதோ ஏதாவது செய்வார். நடுவில் தொங்குபவரிடம் எந்த ஏஜென்டும் பேசமாட்டார். அடுத்து வருபவர் கூடுதலாகத் தருவார் என்று காத்திருப்பார். முதலாளி கையெழுத்து அதிகாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். கோப்பு மேசையில் கிடக்கும். “ஆளை மாத்து” என்ற கோஷம் செப்டம்பரில் எழுந்து, முடிவு பிப்ரவரியில் வந்தால், அந்தக் கோஷத்துக்கும் நடுக்கள ஆட்டக்காரர் கைநழுவியதில் ஒரு பங்கு உண்டு. நீக்குவதென்றால் நவம்பருக்குள் நீக்கவேண்டும். இல்லையென்றால் மே முடியும்வரை அவரை வேலை செய்ய விடவேண்டும்.

இந்தியக் கால்பந்தில் காலாவதிவரை ஓடவிடப்பட்ட ஒப்பந்தங்களில் மிகப் பெரியது எந்த ஆட்டக்காரருடையதும் அல்ல. லீகுடையது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பர் 9இல் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு, 700 கோடி ரூபாய்க்கு எழுதிக்கொடுத்தது. 2014இல் பிறந்த இந்தியன் சூப்பர் லீக் நின்றது அந்தத் தாளின் மேல்தான். தாளின் கடைசி நாள் 2025 டிசம்பர் 8 என்பது முதல் நாளிலேயே தெரியும்.

இடையில் ரசிகர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் பாடம். 2020 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காமல் தொடர்ந்த கூட்டமைப்புத் தலைவர் பிரஃபுல் படேலை 2022 மே 18இல் உச்ச நீதிமன்றம் விலக்கி, நிர்வாகக் குழுவை நியமித்தது. ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்து, அதே மாதம் 26இல் தடையை நீக்கியது. செப்டம்பர் 2இல் கல்யாண் சௌபே தலைவரானார். 2023 நவம்பரில் பொதுச்செயலாளர் ஷாஜி பிரபாகரன் நீக்கப்பட்டார்; விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. ஒவ்வொரு முறையும் ஊரெங்கும் அலசல் ஆட்களைப் பற்றியே இருந்தது: யார் நல்லவர், யாருக்கு யார் வேண்டியவர். பொதுச்செயலாளர் நீக்கப்பட்ட அந்த நவம்பரில் லீகின் தாளில் மீதமிருந்தது 25 மாதம். நீட்டிப்புப் பேச்சைத் தொடங்கச் சரியான நேரம். எந்த டீக்கடையிலும் அது பேச்சாகவில்லை.

பிறகு நடந்தது நடுக்கள ஆட்டக்காரரின் கதையேதான், அளவில் மட்டும் பெரியது. கூட்டமைப்பின் சட்ட விதிகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புதிய ஒப்பந்தம் தள்ளிப்போனது. டிசம்பருக்கு அப்பால் என்ன என்று தெரியாமல் பருவத்தைத் திட்டமிட முடியாது என்று 2025 ஜூலை 11இல் லீகை நடத்தும் நிறுவனம் சொல்லிவிட்டது. ஆகஸ்டில் சில கிளப்கள் சம்பளத்தையோ முதல் அணியின் வேலைகளையோ நிறுத்திவைத்தன. செப்டம்பர் 19இல் தீர்ப்பு வந்தது. அடுத்துக் கோரப்பட்ட டெண்டருக்கு நவம்பர் 7வரை ஒருவர்கூட விலை சொல்லவில்லை. கடைசியில், பிப்ரவரி 14இல் லீக் தொடங்கும் என்று 2026 ஜனவரியில் ஒன்றிய விளையாட்டு அமைச்சர் அறிவிக்கவேண்டி வந்தது. 14 அணிகள், ஒருவரோடு ஒருவர் ஒரே ஒருமுறை, மொத்தம் 91 ஆட்டம். எல்லோரும் சமதூரத்துப் பந்துக்குக் காலை நீட்டாமல் நின்ற பருவம் அது.

இனி வரப்போவதைச் சொல்வதில் பெரிய சிரமம் இல்லை. அடுத்து எந்த கிளப்பில் நிர்வாகி நீக்கப்பட்டாலும் அறிவிப்பு சர்வதேச இடைவேளையில், வெள்ளிக்கிழமை மாலையில் வரும். ‘பரஸ்பர சம்மதம்’ என்ற சொல் முதல் இரண்டு வரிக்குள் இருக்கும். புதியவர் வந்த முதல் மாதத்தில் மூன்று பேருக்கு அவசரமாக நீண்ட ஒப்பந்தம் தருவார். அதில் இருவர் முப்பதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள், ஏனென்றால் ரசிகருக்குத் தெரிந்த முகங்கள் அவர்களுடையவை. கேலரி கைதட்டும். இரண்டு பருவம் கழித்து அந்த மூன்று தாள்களே அவருடைய குற்றப்பத்திரிகை.

இந்திய லீகில் ஒரு வருட ஒப்பந்தங்கள் பெருகும். அடுத்த பருவம் எப்போது தொடங்கும் என்று தெரியாத கிளப், ஒரு பையனுக்கு மூன்று வருடம் எழுதிக்கொடுக்காது. அப்போது எல்லோருக்கும் எல்லா வருடமும் கடைசி ஆண்டுதான். 28 வயதில் தென்பட்ட அந்தப் பின்வாங்கும் அரை நொடி 21 வயதிலேயே வந்துவிடும். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கும் ஆட்டக்காரர்களை முதலில் இழப்போம். கோல் அடிப்பவருக்கு எந்த ஊரிலும் ஆள் இருக்கும். நான்கு அடி நகர்ந்து நிற்பவருக்கு ஏஜென்ட் கிடைப்பதே கஷ்டம். வியாசர்பாடியிலும் பட்டாபிராமிலும் நன்றாக ஆடும் பையன்களின் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கோட்டா விண்ணப்பம் மறுபடி மேசைக்கு வரும், அம்மாக்கள் அதில்தான் கையெழுத்து வாங்குவார்கள். ரயில்வே, வங்கி அணிகளின் கை சென்னை லீக்கில் மறுபடி ஓங்கினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சென்னை ரசிகருக்கு அடுத்த நிர்வாகியை எடைபோட வேண்டியிருந்தால், அவர் கொண்டுவரும் முதல் வெளிநாட்டு ஆட்டக்காரரின் யூடியூப் காட்சிகளைப் பார்ப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அணிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் ஒப்பந்தம் முடியும் ஆண்டை எழுதிக்கொண்டால் போதும். அவை பெரும்பாலும் கிளப்களே அறிவித்தவை. ஒரே மே மாதத்தில் ஏழெட்டுப் பேருக்கு முடிகிறதென்றால், அதற்கு முந்தைய அக்டோபரில் பேனர் எழுதத் துணி வாங்கலாம். நவம்பர் 30வரை நேரம் இருக்கும்.